தலை சாய்க்க ஓர் இடம்: ஹார்ட் டிஸ்க் ஹெட்டின் கதை

கரண்ட் போனா ஃபேன் நாலு சுத்து சுத்திட்டு நிக்கும். மிக்ஸியில பாதி அரைச்ச சட்னி அப்படியே கிடக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம், பெருசா ஒண்ணும் ஆயிடாது. ஆனா அதே நொடியில, ஓடிக்கிட்டிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு பெரிய ஓட்டமே நடக்குது. தட்டு நிக்கிறதுக்குள்ள ஹெட் பத்திரமான ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும். சேரலைன்னா உங்க பதிவு, படம், கல்யாண வீடியோ எல்லாத்துக்கும் ஆபத்து.

ஹார்ட் டிஸ்க் வரலாறுன்னாலே 5 எம்பியில ஆரம்பிச்சு டெராபைட்ல முடியுற கதையைத்தான் எல்லாரும் எழுதுறாங்க. எனக்குப் பிடிச்சது வேற கதை. தட்டு நிக்கும்போது தலை எங்கே போய் உட்காரும்? 1956-ல இருந்து எஞ்சினியர்கள் இந்த ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. ஒவ்வொரு பதிலும் பழைய வியாதியைக் குணப்படுத்திட்டு புதுசா ஒண்ணைக் கொடுத்துட்டுப் போயிருக்கு. உங்க பரண்ல கிடக்கிற டிஸ்க் எந்தக் காலத்துப் பதில்னு தெரிஞ்சா, அதை எப்படித் தொடணும்கிறதும் தெரிஞ்சுடும். அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

(வன்தட்டுன்னு அழகான தமிழ்ச்சொல் இருக்கு. ஆனா கடையில போய்க் கேட்டா ஒரு மாதிரி பாக்குறாங்க. அதனால இந்தப் பதிவு முழுக்க டிஸ்க், ஹெட், தட்டு தான்.)

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு சுருக்கமா. பளபளன்னு ஒண்ணோ சிலதோ வட்டத் தட்டுகள், மேல மெல்லிய காந்தப்பூச்சு. தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஹெட், ஒரு கையின் நுனியில. தட்டு சுத்தும்போது அது இழுத்துட்டு வர்ற காத்து மேல ஹெட் மிதக்கும். 3.5 அங்குல டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துனா, வெளி ஓரத்துல வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இன்னைக்கு சில நானோமீட்டர்தான். தலைமுடி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன். சுத்துற வரைக்கும்தான் அந்தக் காத்து மெத்தை. நின்னா மெத்தை காலி.

பதில் 1: தொடவே விடாதே

1956 செப்டம்பர்ல ஐபிஎம் அறிவிச்ச 305 ராமக் கணினியோட வந்ததுதான் முதல் டிஸ்க், மாடல் 350. கலிபோர்னியாவுல சான் ஹோசே நகரத்துல ரெனால்ட் ஜான்சன் தலைமையில ஒரு குழு செஞ்சது. 24 அங்குல விட்டத்துல 50 தட்டுகள், ஒண்ணு மேல ஒண்ணா. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அம்பது தட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கை, அதுல ரெண்டு ஹெட். லிஃப்ட் மாதிரி மேல கீழ போய், வேணுங்கிற தட்டுக்குள்ள நுழையும். இதுல ஹெட் தானா மிதக்கலை. கம்ப்ரஸர் வச்சு காத்தை அடிச்சு, தட்டுல படாம சுமார் 20 மைக்ரான் தள்ளி நிறுத்தினாங்க.

தட்டுக்குத் தட்டு, பக்கத்துக்குப் பக்கம் தனி ஹெட் வேணும்னா எல்லாத்துக்கும் கம்ப்ரஸர் காத்து அடிக்க முடியாது. அதனால 1961-ல வந்த ஐபிஎம் 1301-ல ஹெட்டைத் தட்டோட காத்துலயே மிதக்கவிட்டாங்க. அடுத்த வருஷம் 1311. இதுல தட்டு அடுக்கையே சாம்பார் வாளி மாதிரி கைப்பிடியோட கழட்டி எடுத்துட்டுப் போகலாம். கழட்டணும்னா ஹெட்டுங்க தட்டைவிட்டு முழுசா வெளிய வந்துதானே ஆகணும்? கிராமபோன்ல பாட்டு முடிஞ்சதும் ஊசியைத் தூக்கிப் பக்கத்துத் தாங்கியில வைப்பாங்களே, அதே ஏற்பாடுதான்.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, தட்டு அடுக்கை வெளிய எடுத்தா தூசி உள்ள போகும். தூசியில ஹெட் இடிச்சா காந்தப்பூச்சைச் சுரண்டும். சுரண்டுன தூள் இன்னும் கொஞ்சம் இடிக்க வைக்கும். இதுதான் ஹெட் கிராஷ். இதுல ஒரு பெரிய கூத்தும் உண்டு. அடிபட்ட அடுக்கை "இங்க ஓடலையே, பக்கத்து மெஷின்ல போட்டுப் பாப்போம்"னு மாத்திப் போட்டா அந்த மெஷினோட ஹெட் போயிடும். அந்த ஹெட் அடுத்து வர்ற நல்ல அடுக்கைக் கெடுக்கும். மெட்ராஸ் ஐ மாதிரி ஒரு கம்ப்யூட்டர் ரூம் முழுக்கப் பரவிடும்!

பதில் 2: மெதுவா இறங்கட்டும்

1973-ல ஐபிஎம் 3340 வந்துச்சு. இந்தத் திட்டத்தை நடத்துன கென்னத் ஹாட்டன் கொடுத்த செல்லப்பேர் வின்செஸ்டர். முதல்ல போட்ட திட்டப்படி 30 எம்பி, 30 எம்பின்னு ரெண்டு. வின்செஸ்டர் 30-30 துப்பாக்கி அமெரிக்காவுல பிரபலம், பேரு ஒட்டிக்கிச்சு. தொண்ணூறுகள்ல கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குப் பாடப்புத்தகத்துல "வின்செஸ்டர் டிஸ்க்"னு படிச்சது ஞாபகம் இருக்கலாம். கொசுவத்தி சுத்துதா?

இதுல ரெண்டு பெரிய மாற்றம். ஒண்ணு, தட்டு, ஹெட், கை மூணையும் ஒரே பெட்டியில போட்டு மூடிட்டாங்க. தூசி பயம் பெருமளவு போச்சு. ரெண்டு, ஹெட்டின் எடையையும், அதைத் தட்டை நோக்கி அமுக்குற விசையையும் பல மடங்கு குறைச்சாங்க. தட்டு மேல மெல்லிசா ஒரு மசகும் பூசினாங்க. இனிமே ஹெட்டைத் தூக்கி வெளிய வைக்க வேண்டாம். தட்டு நிக்கும்போது ஹெட் தட்டு மேலயே இறங்கும். ஓட ஆரம்பிச்சா கொஞ்ச தூரம் உரசிட்டே போய், விமானம் மாதிரி எழும்பிடும். விலையும் குறைஞ்சது, அளவும் சுருங்குச்சு. 1980-ல ஷுகார்ட் டெக்னாலஜி (பின்னாளில் சீகேட்) விட்ட 5.25 அங்குல எஸ்டி-506, 1983-ல 10 எம்பி டிஸ்க்கோட வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி, எல்லாம் இந்த வழியில வந்ததுதான்.

ஆனா விமானம்னா ஓடுதளம் வேணுமே! அந்தக் காலத்து மலிவு டிஸ்க்குல கையை நகர்த்துனது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு அடி, ரெண்டு அடின்னு எண்ணி நகரும். கரண்ட் போனா எந்த இடத்துல இருந்துச்சோ அங்கயே நின்னுடும். ஹெட் அப்படியே உங்க டேட்டா மேல இறங்கும். அப்புறம் யாராச்சும் பொட்டியைத் தூக்கிட்டு நகர்ந்தா, ஹெட் அதே இடத்துல குதிச்சுக் குதிச்சு குழி போட்டுடும்.

இதுக்கு வந்த வைத்தியம்தான் பார்க் கட்டளை. டாஸ் கறுப்புத் திரையில அதை அடிச்சா, டேட்டா இல்லாத உள்வட்டத்துக்கு ஹெட் போய் நிக்கும். அதுக்கப்புறம்தான் சுவிட்சை அணைக்கணும். செருப்பை வெளிய விட்டுட்டு ஏசி ரூமுக்குள்ள போய் கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட தலைமுறை நான். எங்க சென்டர் சார் கோயில் நடை சாத்துற மாதிரி ஒவ்வொரு பொட்டியா போய் பார்க் அடிச்சுட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். பயாஸ்ல ஹார்ட் டிஸ்க் விவரம் போடுற இடத்துல சிலிண்டர், ஹெட், செக்டார் பக்கத்துல "லேண்டிங் ஸோன்"னு ஒரு கட்டம் இருக்குமே, அது இந்தக் காலத்தோட எச்சம்தான்.

அப்புறம் ஸ்டெப்பர் போய் வாய்ஸ் காயில் வந்துச்சு. ஸ்பீக்கர்ல இருக்கிற மாதிரி காந்தமும் கம்பிச்சுருளும். இதுல ஒரு அருமையான தந்திரம் செஞ்சாங்க. கரண்ட் போனாலும் தட்டு உடனே நிக்காதுல்ல? சுத்துற தட்டு மோட்டாரை ஜெனரேட்டரா மாத்திடும். சைக்கிள் டைனமோ மாதிரி. அந்தக் கடைசிச் சொட்டு மின்சாரத்தை எடுத்து, கையை லேண்டிங் ஸோனுக்கு இழுத்துட்டுப் போய் நிறுத்திடுவாங்க. செத்துக்கிட்டிருக்கிற டிஸ்க் தன்னைத்தானே காப்பாத்திக்குது. பார்க் கட்டளைக்கு வேலை போச்சு.

ஒட்டிக்கிச்சு!

இப்ப அடுத்த வியாதி. ஈரமான ரெண்டு கண்ணாடித் துண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பிரிச்சுப் பாத்திருக்கீங்களா? நகரும், ஆனா பிரியாது. நடுவுல இருக்கிற துளித் தண்ணி அப்படிப் பிடிச்சுக்கும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் அதுதான் நடந்துச்சு. கொள்ளளவு கூடணும்னா ஹெட் இன்னும் தாழப் பறக்கணும். தாழப் பறக்கணும்னா தட்டு இன்னும் வழுவழுப்பா இருக்கணும். வழுவழுப்பு கூடினா தொடுற பரப்பு கூடும். நடுவுல மசகும் காத்துல இருக்கிற ஈரமும் சேர்ந்தா பசை மாதிரி ஆயிடும். இதுக்கு அவங்க வச்ச பேர் ஸ்டிக்‌ஷன்.

சுவிட்சைப் போட்டா மோட்டார் முக்கும், தட்டு அசையாது. ஓடிக்கிட்டே இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு வாரம் லீவுக்கு அணைச்சுட்டுப் போய்த் திரும்பி வந்தா ஒட்டிக்கிட்டிருக்கும். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் ஆரம்பத்துல இது பரவலான நோய். டிஸ்க்கைக் கையில பிடிச்சு, சாவி திருகுற மாதிரி சடார்னு ஒரு திருப்பு திருப்புறது, ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுறது எல்லாம் இந்தக் காலத்து நாட்டு வைத்தியம். சில நேரம் வேலை செஞ்சது, சில நேரம் ஹெட்டே பிஞ்சு வந்துச்சு.

லேண்டிங் ஸோனை ஏன் உள்வட்டத்துல வச்சாங்கன்னு யோசிங்க. கதவைக் கைப்பிடி பக்கம் பிடிச்சு நிறுத்துறது சுலபம், கீல் பக்கம் கஷ்டம். அதே கணக்குதான். ஹெட் மையத்துக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டா மோட்டாரால ஓரளவு பிச்சுக்கிட்டு கிளம்ப முடியும். வெளி ஓரத்துல ஒட்டினா முடியாது.

நிரந்தர வைத்தியம் நம்ம ஊர் அம்மி கொத்துறவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சது :-) அம்மி வழுவழுப்பானா அரைபடாது, உளியால கொத்திச் சொரசொரப்பாக்கணும். முதல்ல தட்டு முழுசையுமே உராய்வு நாடாவால லேசா கீறிவிட்டாங்க. ஆனா டேட்டா இருக்கிற இடமும் சொரசொரப்பானா ஹெட் தாழப் பறக்க முடியாதே. அதனால தொண்ணூறுகளின் நடுவுல லேசர் வந்துச்சு. லேண்டிங் ஸோன்ல மட்டும், சில பத்து நானோமீட்டர் உயரத்துல வரிசை வரிசையா குட்டிக் குட்டி மேடு. ஹெட் அந்த மேடுங்க மேல உட்காரும். தொடுற பரப்பு குறைவு, ஒட்டாது. மிச்சத் தட்டு கண்ணாடி மாதிரி இருக்கலாம்.

பதில் 3: ஆணியில மாட்டு

அதுக்குள்ள லேப்டாப் வந்துடுச்சு. பேட்டரியை மிச்சம் பிடிக்க டிஸ்க் அடிக்கடி நிக்கும், ஓடும். பையில போட்டா குலுங்கும். தட்டுல இறங்கி ஏறுற டிஸ்க்குங்களுக்கு நிறுவனங்கள் பொதுவா 40,000, 50,000 தடவைன்னுதான் கணக்குச் சொல்லுவாங்க. அதனால பழைய கிராமபோன் யோசனைக்கே திரும்பினாங்க. தட்டின் வெளி ஓரத்துல ஒரு குட்டி பிளாஸ்டிக் சாய்தளம். கை வெளியே வரும்போது அதன் நுனி சாய்தளத்துல ஏறிக்கும், சட்டையை ஆணியில மாட்டுற மாதிரி. ஹெட் தட்டைத் தொடுறதே இல்லை. 1999-ல ஐபிஎம் விட்ட தீப்பெட்டி சைஸ் மைக்ரோடிரைவ்ல இதுதான். இன்னைக்கு வர்ற டிஸ்க்குகள்லயும் இதுதான்.

இதோட சேர்ந்து 2003-ல ஐபிஎம் திங்க்பேட்ல ஒரு அசைவு உணரி வந்துச்சு. முக்கால் மீட்டர் உயர மேசையில இருந்து லேப்டாப் விழுந்தா தரையைத் தொட சுமார் 0.4 நொடி ஆகும். அதுக்குள்ள "விழுறோம்"னு புரிஞ்சுக்கிட்டு ஹெட்டை ஒதுக்கிடணும். ஆப்பிளும் 2005-ல இதைக் கொண்டு வந்துச்சு.

அப்பாடா, எல்லாம் சரியாச்சுன்னு நினைச்சீங்களா? இப்ப ஒதுங்குறதே வியாதியாச்சு. சாய்தள டிஸ்க்குக்கு 3 லட்சம், 6 லட்சம் தடவைன்னு கணக்கு சொல்றாங்க. கேட்க ரொம்பப் பெருசா இருக்கு. ஆனா 2007-ல உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்காரங்க ஒரு விஷயம் கவனிச்சாங்க. மின்சாரம் மிச்சம் பண்றேன்னு ஹெட் சும்மா இருந்தா உடனே ஒதுங்குது. இயங்குதளம் ஏதோ நாலு வரி எழுதணும்னு திரும்பக் கூப்பிடுது. மறுபடி ஒதுங்குது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வகை டிஸ்க்குகள்ல 8 நொடி சும்மா இருந்தாலே ஒதுங்குற ஏற்பாடு இருந்துச்சு. கணக்கு போடுங்க: அரை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா ஒரு நாளைக்கு 2,880. மூணு லட்சம் தீர 104 நாள். சுகமா தூங்குறதுக்குன்னு செஞ்ச கட்டில்ல, ராத்திரி முழுக்க ஏறி இறங்கிட்டே இருந்தா என்ன ஆகும்!

இன்னொண்ணு. பாதியில கரண்ட் போய் அவசரமா ஒதுங்குறது ஹெட்டுக்கு ரொம்பக் கடுமையான வேலை. சில லேப்டாப் டிஸ்க்குகளோட குறிப்புல அந்த மாதிரி 20,000 தடவைதான்னு தனியா போட்டிருக்கும். முறையா ஷட்டவுன் பண்ணணும்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வாத்தியார் வீட்டு டிஸ்க்

இந்த வரலாறெல்லாம் எதுக்குன்னா, எங்க தெருவுல ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்கார். பத்துப் பதினோரு வருஷமா சுத்துவட்டாரத்துல சேகரிச்ச பழமொழி, விடுகதை எல்லாத்தையும் பழைய எழுத்துருவுல தட்டச்சு செஞ்சு வச்சிருந்தார். ஒரே பிரதி, ஒரு லேப்டாப் டிஸ்க்குல. அது மேசையில இருந்து விழுந்துடுச்சு. சொருகினா "பீப்... பீப்..."னு மெல்லிசா ஒரு சத்தம்.

"தம்பி, ஓங்கி ரெண்டு தட்டு தட்டினா ஓடும்னு சொல்றாங்களே, தட்டிப் பாக்கட்டுமா?"

"ஐயா, தயவுசெஞ்சு தட்டாதீங்க. திரும்பச் சொருகவும் வேணாம்."

அந்த பீப் ஸ்பீக்கர் சத்தம் இல்லை. சுத்த முடியாம மோட்டார் முனகுற சத்தம். சாய்தள டிஸ்க் விழுந்தா சில சமயம் ஹெட் சாய்தளத்தைத் தாண்டி தட்டு மேல போய் உட்கார்ந்துடும். இந்தத் தட்டுல லேண்டிங் ஸோனும் கிடையாது, லேசர் மேடும் கிடையாது. முழுக்க முழுக்கக் கண்ணாடி வழுவழுப்பு. முப்பது வருஷம் முன்னாடி தீர்ந்ததா நினைச்ச அதே ஸ்டிக்‌ஷன், பழையதைவிட மோசமா! தட்டியிருந்தாலோ திருகியிருந்தாலோ ஹெட் பழமொழிங்க மேலயே கோடு போட்டிருக்கும்.

டேட்டா மீட்கிற இடத்துக்கு அனுப்பினோம். சுத்தமான அறையில திறந்து, ஹெட்டை மெதுவா விடுவிச்சு, வேற டிஸ்க்கோட ஹெட்டை மாத்தி வாசிச்சாங்க. பெரும்பகுதி வந்துடுச்சு. விடுகதை ஃபைல்ல ரெண்டு மட்டும் வரலை. செலவு அவரோட ஒரு மாசப் பென்ஷனுக்குக் கிட்ட. "போனது போகட்டும் தம்பி, சொன்ன பாட்டிங்கதான் இப்ப இல்லை"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பரண்ல ஏறுறதுக்கு முன்னாடி

நம்மள்ல பலரோட பழைய பதிவுங்க, திஸ்கியில அடிச்ச கட்டுரைங்க, 2009-ல மூடின ஜியோசிட்டீஸ் பக்கங்க, எல்லாத்துக்கும் மிஞ்சின ஒரே பிரதி ஏதாவது ஒரு பழைய டிஸ்க்குலதான் இருக்கும். அதனால:

டிஸ்க் சொல்றதைக் காதால கேளுங்க. சத்தமே இல்லாம லேசா முக்கினா, மின்சுற்றோ மோட்டாரோ போயிருக்கலாம். தொண்ணூறுகளோட டிஸ்க்குன்னா பழைய ஸ்டிக்‌ஷனாவும் இருக்கலாம். திருகுற வைத்தியம் அந்தக் காலத்து டிஸ்க்குக்கு மட்டும்தான், அதுவும் உள்ள இருக்கிறது போனாப் போகட்டும்னா மட்டும். ஓட ஆரம்பிச்சுட்டா நிறுத்தாதீங்க, முதல்ல நகல் எடுங்க. பீப் வந்தா ஒட்டியிருக்கு, நிறுத்துங்க. "டிக்... டிக்"னு அடிச்சுக்கிட்டா, ஹெட் தட்டுல இருக்கிற வழிக்குறிகளை வாசிக்க முடியாம திரும்பத் திரும்பத் தேடுதுன்னு அர்த்தம். அதுலயும் நிறுத்துங்க. கரகரன்னு சுரண்டுற சத்தம்னா அந்த நொடியே பிடுங்குங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா ஓடும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க, தட்டுல பனித்துளி படிஞ்சா கதை கந்தல்.

"ஸ்மார்ட் சோதனை முன்கூட்டியே சொல்லுமே"ன்னு கேக்குறீங்களா? 2007-ல கூகுள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்குங்களைக் கவனிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. செத்துப்போன டிஸ்க்குகள்ல 56 சதவீதத்துக்கும் மேல, முக்கியமான நாலு எச்சரிக்கையில ஒண்ணைக்கூடக் காட்டலை. ரெண்டாவது பிரதி ஒண்ணுதான் வழி.

ஒரு ஆறுதலும் சொல்லிடுறேன். 2003 பிப்ரவரி 1 அன்னைக்கு கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோட கொலம்பியா விண்கலம் சிதறுச்சே, அந்த இடிபாட்டுல எரிஞ்சு உருகின ஒரு சீகேட் டிஸ்க் கிடைச்சுது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம் தட்டுகளைச் சுத்தம் பண்ணி வேற டிஸ்க்குக்கு மாத்தி, அதுல இருந்த ஆய்வுத் தகவல்ல 99 சதவீதத்தை மீட்டுச்சு. தட்டுல குழி விழுந்த இடம் நல்லவேளையா இன்னும் எதுவும் எழுதாத இடம். அந்த ஆய்வோட முடிவு 2008-ல வெளியாச்சு.

தட்டு அவ்வளவு உறுதி. ஹெட்டை மாத்திக்கலாம், மோட்டாரை மாத்திக்கலாம், தட்டுல எழுதினதை மட்டும் மாத்திக்க முடியாது. ஐம்பது அறுபது வருஷமா எஞ்சினியர்கள் பட்ட பாடெல்லாம், எழுதின அதே தலை எழுதினதை அழிச்சிடக் கூடாதேன்னுதான்.

இந்த வார இறுதியில பரண்ல ஏறுறவங்க, என்ன சத்தம் வந்துச்சுன்னு சொல்லுங்க. பீப் கேட்டா மட்டும், முதல்ல சுவிட்சை அணைச்சுட்டு வந்து சொல்லுங்க :-)